கலாய் எங்கிருந்து வந்தது, அம்மு?

அன்புள்ள அம்மு,

உன் வாட்ஸ்அப் வந்தது. 11 நாள் கழித்து வந்த முதல் செய்தி, அதில் நலமா, மாத்திரை போட்டாயா என்று ஒன்றும் இல்லை, 'கலாய்க்கிறதுங்கிற வார்த்தை எங்கேர்ந்துப்பா வந்துச்சு, ஆபீஸ்ல கேக்கறாங்க' என்று ஒரே ஒரு வரி. கோபம் இன்னும் போகவில்லை, சந்தேகம் கேட்க மட்டும் அப்பா வேண்டியிருக்கிறது பார் என்று அம்மாவிடம் சொன்னேன். 'கேட்டாளே, அதுவே பெரிசு. பதில் எழுதுங்க, கூடவே சொல்ல வேண்டியது இன்னொண்ணும் இருக்கு, அதையும் எழுதுங்க' என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள். போனில் தட்டினால் எனக்கு நாலு வரிக்கு மேல் ஓடாது. அதனால் பேப்பரில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்தைக் கலாய்க்காதே.

முதலில் தாத்தா கடைக்குப் போக வேண்டும். நீ அந்தக் கடையைப் பார்த்ததில்லை. புரசைவாக்கத்தில் பித்தளைப் பாத்திரக் கடை, எவர்சில்வர் வந்து அதை மூடவைத்த கதை உனக்குத் தெரியும். கடைக்குப் பக்கத்துச் சந்தில் மாதம் ஒரு தடவை ஒரு பாய் வந்து உட்காருவார். தரையில் ஒரு குழி, குழியில் அடுப்புக்கரி, பக்கத்தில் தோல் துருத்தி, அதை ஊத ஒரு பையன். பித்தளை அண்டாவைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, தீயில் கவிழ்த்துக் காயவைப்பார். காய்ந்ததும் நிமிர்த்தி நவச்சாரத் தூளை, அதாவது அம்மோனியம் குளோரைடைத் தூவுவார், குபுகுபுவென்று வெள்ளைப் புகை வரும், மூக்கு எரியும், நான் நகர மாட்டேன். ஏனென்றால் அதற்கு அடுத்த நிமிஷம்தான் வேடிக்கை. ஈயக் குச்சியை உள்ளே இரண்டு இழுப்பு இழுத்து, கையிலிருக்கும் பஞ்சுத் துணியால் சரக்கென்று ஒரு சுற்றுச் சுற்றுவார், கறுத்துக் கிடந்த அண்டாவின் உட்புறம் முழுவதும் பௌர்ணமி மாதிரி ஆகிவிடும். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், அதற்காகத்தான் இவ்வளவும். நாங்கள் அதை ஈயம் பூசுவது என்போம். அவர் வீட்டில் உருது பேசுகிறவர், அவர் வாயில் அது கலாய் பூசுவது.

உன் கேள்விக்கு முதல் பதில் இதுதான் என்று பலர் சொல்வார்கள். அரபியில் வெள்ளீயத்துக்குக் கலயீ என்று பெயர், அது பாரசீகம், உருது வழியாக இங்கே வந்து கலாய் ஆனது. இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. மலாய்த் தீபகற்பத்தில் ஈயம் கிடைத்த ஒரு துறைமுகத்தை அரபு வணிகர்கள் கலா என்று அழைத்தார்கள், அந்த ஊர்ப் பெயர்தான் உலோகத்துக்கும் ஒட்டிக்கொண்டது என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அந்தக் கலாதான் இன்றைய கெடா, அதாவது நம் கடாரம் என்பதும் அவர்களில் பலருடைய கருத்து. 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பினானே, அதே கடாரம். உன் ஆபீஸில் இதைச் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் ஒருவனைத் தேய்த்துப் பளபளவென்று எடுப்பதால் அதற்குக் கலாய் என்று பெயர் வந்தது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை, ஆசையாக இருந்தாலும். ஈயப் பூச்சுக் கலாய் வெறும் பெயர்ச்சொல், அதற்குப் பக்கத்தில் 'பூசு' வேண்டும். அண்டாவை யாரும் 'கலாய்ச்சுக் கொடுங்க' என்று கேட்டதில்லை. நீங்கள் பேசும் கலாய் வினைச்சொல், கலாய்க்கிறான், கலாய்த்தான், கலாய்ப்பான் என்று சாய்த்தான், மேய்த்தான் மாதிரியே அழகாக ஓடுகிறது. அப்படி ஒரு வினை தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. கலாம் என்றால் பழைய தமிழில் சண்டை, பூசல். (நம் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் பெயரிலிருக்கும் கலாம் வேறு, அது அரபு.) கலாய்த்தல் என்றால் கலகம் செய்தல், சினத்தல். தமிழகராதியைப் புரட்டினால் கிடைக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

சண்டைச் சொல் எப்படிச் சிரிப்புச் சொல் ஆனது என்று கேட்பாய். தமிழுக்கு அது பழக்கமான வேலைதான். ஏசுவது என்றால் திட்டுவது, ஆனால் ஏசல் என்று ஒரு பாட்டு வகையே இருக்கிறது, வள்ளியும் தெய்வானையும் ஒருத்தியை ஒருத்தி வாரிக்கொள்வார்கள், கேட்கிறவர்கள் ரசிப்பார்கள். முக்கூடற்பள்ளு என்ற பழைய பாட்டு நூலில் பள்ளனின் மூத்த மனைவியும் இளைய மனைவியும் சக்களத்திச் சண்டை போட்டுக்கொண்டே போய், கடைசியில் இவள் அவள் சாமியையும் அவள் இவள் சாமியையும் இழுத்து வைத்துக் கேலி செய்வார்கள், சிவனும் தப்பவில்லை, பெருமாளும் தப்பவில்லை. அப்புறம் சமாதானமும் ஆகிவிடுவார்கள். இன்றைக்கு அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார், வேண்டாம், விடு.

எங்கள் காலத்தில் கலாய் கிடையாது. எழுபதுகளில் கிண்டல், கேலி, அப்புறம் ஓட்டுறது. 'மச்சி, அவன ஓட்டாதடா' என்போம். கிண்டல் என்பது அல்வா கிண்டுவதுபோல அடிவரைக்கும் கரண்டியை விட்டுக் கிளறுவதுதான். கோயம்புத்தூர்ப் பக்கம் லொள்ளு, அது நாய் குரைக்கிற லொள் லொள். கடி என்றால் அதுவும் நாய் வேலைதான். கவனித்தாயா, கிளறுவது, குரைப்பது, கடிப்பது, ஓட்டுவது, காலை வாருவது, இப்போது கழுவி ஊற்றுவது, வச்சு செய்வது. ஒன்றாவது இதமான காரியமா? ஆனால் எல்லாமே பிரியமானவர்களுக்குள் நடப்பது. கலாய் என் காதில் முதலில் விழுந்தது உன் சித்தப்பா கல்லூரிக்குப் போன பிறகுதான். மெரினாவிலிருந்து வீட்டுக்கு வந்து 'செமயா கலாய்ச்சிட்டோம்ணா' என்றான், நான் ஏதோ அடிதடி என்று பயந்து சட்டையில் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். பழைய அகராதிப் பொருள் அன்றைக்கு எனக்குத் தெரியாமலே சரியாகப் பட்டிருக்கிறது.

உங்கள் ஊரில் கேலிப் பேச்சைப் பேன்டர் (banter) என்கிறார்களே, அதன் கதையும் இதே கதைதான். 1670களில் லண்டனில் திடீரென்று வந்த சொல், எங்கிருந்து வந்தது என்று ஆங்கில அகராதிகளே கையை விரித்துவிட்டன. கலிவரின் பயணங்கள் எழுதிய ஜோனதன் ஸ்விப்ட் 1710இல் இது ரவுடிகளின் பேட்டையிலிருந்து கிளம்பி, வேலைக்காரர்களிடம் போய், கடைசியில் பண்டிதர்களிடம் வந்து சேர்ந்த சொல் என்று எரிச்சல்பட்டிருக்கிறார். நம் சொல் பழைய ஏட்டிலிருந்து கேன்டீனுக்கு வந்திருக்கிறது, அவர்களுடையது பேட்டையிலிருந்து ஏட்டுக்குப் போயிருக்கிறது. அதைச் சொல்லி அவர்களை ஓட்டலாம், என் பெயரில்.

உன் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடம் கேட்டால் பகிடி என்பார். எனக்கு மிகவும் பிடித்த சொல், சொல்லும்போதே உதடு சிரிக்கிறது. ஆனால் அதோடு 'வதை'யைச் சேர்த்துப் பகிடிவதை என்றால் ராகிங். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவன் ஒருவன் அதில் செத்தே போனான், மறு வருஷம் சட்டம் கொண்டுவந்தார்கள், இலங்கையில் தமிழில் பேசும்போது பகிடிவதைச் சட்டம் என்றுதான் பெயர். நம் ஊரில் அதே 1997இல் ஒரு சட்டம் வந்தது, நாம் ராகிங் என்ற இங்கிலீஷ் சொல்லையே வைத்துக்கொண்டோம், கிண்டல் கேலியை அதில் மாட்டிவிடவில்லை. அவர்கள் மாட்டிவிட்டார்கள். எது சரி என்று யோசித்தால், அவர்கள் செய்ததுதான் நேர்மை என்று இப்போது படுகிறது. செய்தவன் 'சும்மா பகிடிக்குத்தான்' என்றுதானே சொல்லியிருப்பான்.

சரி, இப்போது அம்மா சொல்லச் சொன்ன விஷயம்.

போன மாதம் வீடியோ காலில் சம்பந்தி வீட்டார் எல்லாரும் இருக்கும்போது உன் டிரான்ஸ்பார்மர் கதையைச் சொன்னேன். சித்தப்பாவுக்கு வேலூருக்கு டிரான்ஸ்பர் என்று கேட்டு, அவனைத் தூக்கித் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் வைக்கப் போகிறார்கள் என்று நினைத்து, ஏழு வயதில் நீ சாயங்காலம் முழுவதும் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாயே, கையில் அவனுக்காக ஒரு தம்ளர் தண்ணீரோடு. நான் அதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன், நீயே நடித்துக் காட்டியிருக்கிறாய். அன்றைக்கும் சிரித்தாய். ஆனால் சம்பந்தி அம்மா 'ஓ, அப்ப இன்ஜினியர் ஆனது அப்படித்தானா' என்று சேர்ந்துகொண்டபோது நீ தலையைக் குனிந்து கொட்டாவி விடுகிற மாதிரி வாயை மூடிக்கொண்டாய். அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை, இரண்டாவதாக இன்னொரு கதையையும் சொன்னேன். கூட்டம் சிரித்தால் எனக்கு நிற்கத் தெரியாது, இது தாத்தாவிடமிருந்து வந்தது.

தொல்காப்பியத்தில் சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், முதலாவது எள்ளல். பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் அதற்கு இரண்டு பக்கம் சொல்கிறார்: பிறரை எள்ளித் தான் சிரிப்பது ஒன்று, பிறர் எள்ளும்போது தான் சிரிப்பது இன்னொன்று. நான் ரிடையர் ஆன பிறகு படித்ததில் மனதில் நின்ற இடம் அது. ஆனால் நம் வீட்டு முற்றத்தில் நீ இரண்டாவது வகைச் சிரிப்புச் சிரித்தாய் என்றால், உடனே எழுந்து வந்து என் வழுக்கையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல உனக்கு இடம் இருந்தது. அங்கே, கல்யாணமாகி ஒன்றரை வருஷம், மாமியார் மாமனார் முன்னால், அப்பாவைத் திருப்பிக் கலாய்க்க உனக்கு வாய் ஏது? அத்தை மகனும் மாமன் மகளும் ஆயிரம் பேசலாம், உன் மாமா என்னை முப்பது வருஷமாக 'ஈயம்' என்றுதான் கூப்பிடுகிறார், நான் என்றாவது கோபப்பட்டேனா. சம்பந்தி சபை அந்தச் சபை இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல, உன் அம்மாவின் வீட்டில் முதல் தீபாவளிக்கு உன் தாத்தா, அதாவது என் அப்பா, வந்து என் அரியர்ஸ் கணக்கை எடுத்துவிட்டபோது நான் சாப்பிட்ட அதிரசம் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

தப்பு என்னுடையதுதான், அம்மு. அதை வீடியோ காலில் சொல்ல வரவில்லை, அதனால் இவ்வளவு அகராதி.

ஒரு பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் ரசம் வைக்கிறேன் என்று கும்பகோணத்து ஈயச்சொம்பை அடுப்பில் வைத்துப் பற்றவைத்துவிட்டு, புளி கரைத்ததை ஊற்றுவதற்குள் போன் வந்தது. புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும், பாத்திரக் கடைக்காரன் பிள்ளைக்குத் தெரியாதா. ஈயச்சொம்பின் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். நான் திரும்பி வந்தபோது சொம்பின் அடி இல்லை, நவச்சாரப் புகை ஒன்றுதான் குறை, மற்றபடி பாய் வந்து கலாய் பூசிவிட்டுப் போன மாதிரி அடுப்பு தகதகவென்று மின்னியது. அம்மா வந்து பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள்.

உன் மாமாவுக்கு இன்னும் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கால் போடும்போது சம்பந்தி வீட்டாரையும் உட்காரவைத்துக்கொள், நானும் இருப்பேன். அடுப்புப் போட்டோ இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அப்பா