பிரேக் போட்ட லாரி பின்னால் போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவொற்றியூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். என் அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். அதனால் இயக்க விதிகள் பாடம் வந்தாலே எண்ணூர் விரைவுச் சாலை லாரிதான் எனக்கு உதாரணம்.

போன வாரம் ஒரு மாணவன் கைடு ஒன்றைக் கொண்டுவந்தான். சரக்கோடு 40 டன் எடையுள்ள லாரி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் போகிறது. பிரேக் போட்டதும் முடுக்கம் −2.5 மீ/வி², அதாவது ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 2.5 மீட்டர் குறைகிறது. 6 விநாடி கழித்துத் திசைவேகமும் உந்தமும் (நிறை × திசைவேகம்) என்ன? முடுக்கத்தை நேரத்தால் பெருக்கித் தொடக்கத் திசைவேகத்தோடு கூட்டி, 10 − 15 = −5 என்று போட்டிருந்தார்கள். அதை 40,000 கிலோவால் பெருக்கி, உந்தம் −2,00,000 என்று முடித்தும்விட்டார்கள்.

“அப்போ லாரி பின்னாடி வருமா மிஸ்?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கே அவனைத் தட்டிக்கொடுத்தேன்.

வராது. 4ஆவது விநாடியிலேயே லாரி நின்றுவிட்டது. பிரேக் ஓடுகிற சக்கரத்தைத்தான் பிடிக்கும், நின்ற வண்டியைப் பின்னால் தள்ளாது. வண்டி நின்றதுமே அந்த −2.5 முடுக்கமும் போய்விடும். அப்புறம் திசைவேகமும் பூஜ்ஜியம், உந்தமும் பூஜ்ஜியம். மேலே எறிந்த பந்து அப்படியல்ல. உச்சியில் ஒரு கணம் நின்றாலும் புவியீர்ப்பு அதை விடுவதில்லை, 9.8 முடுக்கம் அப்படியே இருக்கிறது. அங்கே திசைவேகத்துக்குக் கழித்தல் குறி வந்தால் பந்து இறங்குகிறது என்று பொருள். அது சரியான விடை.

பிறகு அதே லாரி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று போட வைத்தேன். 20 மீட்டர். வேகத்தை 72 ஆக்கினால் உந்தம் இரண்டு மடங்கு, நிற்க 8 விநாடி, தூரமோ 80 மீட்டர். பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். சைக்கிளில் அந்தச் சாலையைக் கடந்துதான் அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். “லோடு வண்டி நினைச்ச இடத்துல நிக்காதும்மா” என்று அப்பா சொல்வார். அதை அன்று எண்ணாகப் பார்த்தோம்.

பொதுத்தேர்வு நேரத்தில் நீங்கள் மாதிரி வினாக்கள் வெளியிட்டால், இந்த மாதிரி கணக்குகளில் ‘முடுக்கம் எதுவரை நீடிக்கிறது?’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
திருவொற்றியூர்.