ரகுவுக்கு, எஞ்ஜின் மாற்றுவது பற்றி

டொராண்டோ

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு டேவிஸில் இடம் கிடைத்ததைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளிடம் சொல். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

சரி, உன் ஆட்டோமேட்டிக் 240எஸ்எக்ஸிலும் என்னைப் போல எஞ்ஜினை மாற்றலாமா என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன். ஆட்டோமேட்டிக்காக இருந்த என் நிசான் 240எஸ்எக்ஸில் இப்போது நிசானின் எஸ்ஆர்20டிஇடி டர்போ எஞ்ஜினும் ஐந்து கியர் மேனுவலும் ஓடுகின்றன. ஜப்பானில் இதே வண்டி சில்வியா என்ற பெயரில் 1991 முதல் இந்த எஞ்ஜினோடும் விற்பனையானது. வட அமெரிக்காவில் நமக்கு அனுப்பியது டர்போ இல்லாத 2.4 லிட்டர் கேஏ24 எஞ்ஜினோடு. வண்டி ஒன்றேதான் என்பதால், எஞ்ஜினைத் தாங்கும் சில்வியாவின் மவுண்டுகள் நம் கிராஸ்மெம்பரில் (அடியில் குறுக்கே போகும் சட்டத்தில்) அப்படியே உட்காருகின்றன. 155 குதிரைத்திறன் இருந்த இடத்தில் இப்போது 200க்கு மேல். கேஏவின் இரும்பு பிளாக் போய் அலுமினிய பிளாக் வந்ததில் முன்பக்க எடையும் குறைந்து, வளைவுகளில் வண்டி சட்டென்று திரும்புகிறது.

இருந்தாலும் என்னைக் கேட்டால், வண்டிக்கு உயிர் கொடுத்தது கியர்பாக்ஸ்தான். டர்போ விழித்துக்கொள்ளும் வேகத்தில் எஞ்ஜினைப் பிடித்து வைக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் தன் இஷ்டத்துக்கு மேல் கியருக்குப் போய்விடும். இப்போது அது என் கையில் இருக்கிறது. மலைப்பாதையில் மூன்றாவது கியரிலேயே வைத்து ஏறும்போது அந்த இழுவை இருக்கிறதே, அதை எழுதிக் காட்ட முடியாது. நீ வந்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வேலை அதிகம் பிடித்ததும் இந்தப் பகுதிதான். மூன்று பெடல் உள்ள செட், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்கு ஃபயர்வாலில் (எஞ்ஜினுக்கும் நமக்கும் நடுவே உள்ள தகட்டில்) ஓட்டை, ஹைட்ராலிக் லைன், மேனுவல் வண்டியின் டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் வேண்டும். அப்புறம் வயரிங். பழைய கியர்பாக்ஸில் பார்க், நியூட்ரல் இரண்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகவிடும் சுவிட்ச் இருந்ததல்லவா? அதன் இரு வயர்களையும் இணைக்காவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றவே சுற்றாது. ரிவர்ஸ் லைட் வயரைப் புது கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மேல் கியரிலிருந்து தவறிப் போய் இரண்டாவதில் போட்டுவிட்டால் எஞ்ஜின் எல்லை தாண்டிச் சுற்றும். எஸ்ஆரில் அப்போது வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்ம் நழுவி விழலாம். அது நழுவாமல் தடுக்கும் ஸ்டாப்பர் போட்டுக்கொள்ளலாம், ஆனால் முதலில் கை பழக வேண்டும்.

உன் கதை வேறு. இங்கே ஒன்டாரியோவில் கார்களுக்கான புகைச் சோதனை 2019இல் நின்றுவிட்டது. நீ இருக்கும் கலிஃபோர்னியாவில் மாற்றும் எஞ்ஜின் உன் வண்டியின் ஆண்டுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது, அங்கே சான்று பெற்றதாகவும் இருக்க வேண்டும். எஸ்ஆர்20டிஇடி அங்கே சான்று பெறவே இல்லை. அதனால் கேஏவைக் கழற்றாதே. இப்படி மாற்றிய வண்டிகளைப் பார்த்துப் புகை விதிப்படி ஒப்புதல் தரும் ஸ்மாக் ரெஃபரியிடம் கேட்டுவிட்டு, முதலில் மேனுவலுக்கு மாறு. 240எஸ்எக்ஸ் அங்கே மேனுவலிலும் விற்ற வண்டிதான்.

இங்கே ஒருவர் மேனுவல் வண்டியைப் பிரித்து விற்கிறார். பெடல் செட்டும் டிரைவ் ஷாஃப்டும் வேண்டுமென்றால் இந்த வாரமே சொல், உனக்காக எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்