பிள்ளைகள் சிரித்து வாசிக்கட்டும்

ஆசிரியருக்கு,

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1876இல் வெளியிட்ட, டொம் சோயர் என்ற குறும்புக்காரச் சிறுவனின் கதையை எங்கள் ஊர்ப் பாடசாலையொன்றில் தரம் 8 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் என் மகளின் கொப்பியில் கதைச்சுருக்கமும் வினாவிடையும் மட்டும்தான் இருக்கின்றன.

வேலிக்கு வெள்ளையடிக்கும் தண்டனையை டொம் மற்றப் பெடியன்களின் ஆசையாக மாற்றிவிடுகிறான். தானும் வெள்ளையடிக்க ஒருவன் அப்பிள் கொடுக்கிறான், ஒருவன் பட்டம், இன்னொருவன் செத்த எலியும் அதைச் சுழற்ற நூலும்! சத்தமாக வாசிக்காமல் இதை எப்படி ரசிப்பது? திருகோணமலைக் கடற்கரையில் விளையாடித் திரியும் பிள்ளைகளுக்கு டொம்மை உடனே பிடித்துவிடும்.

அந்த அத்தியாயத்தையாவது ஆளுக்கொரு பாத்திரமாக வாசிக்க விடுங்கள். அடிமைகளையும் செவ்விந்தியரையும் அக்காலத்தவர் இழிவாகப் பேசிய இடங்களை மறைக்காமல் ஆசிரியர் விளக்கட்டும். வினாவிடையை அப்புறம் பார்க்கலாம்.

ஒரு தாய்,
உப்புவெளி, திருகோணமலை.