பழைய ஐரோப்பிய சைட்போட் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியை அண்டி எழும் புதிய வீடுகளில், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோ சகோதரர்களோ கப்பலில் அனுப்பிவைக்கும் பழைய ஐரோப்பியத் தளபாடங்களை இப்போது அடிக்கடி காணமுடிகிறது. அவற்றுள் சாப்பாட்டறைச் சுவரோரம் வைக்கும், லாச்சிகளும் கதவுகளும் கொண்ட நீண்ட தளபாடமான சைட்போட்டுக்கு எம்மவரிடையே தனி விருப்பம் உண்டு. மாங்குளத்தில் தச்சுப் பட்டறை நடத்துபவன் என்பதால் இத்தகைய சாமான்கள் திருத்தத்துக்காக என்னிடம் வருகின்றன. அவை பட்டறைக்கு வந்துசேரும் நிலையைப் பார்க்கும்போது, வாங்கும் முன்னரே சொல்லவேண்டியவை சில உண்டு என்று தோன்றியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பழம்பொருள் மீது எம்மவருக்கு உள்ள ஆசையை நான் குறைசொல்லவில்லை. 2009இல் உடுத்த உடையோடு வெளியேறிய குடும்பங்களிடம் பாட்டன் காலத்து அலுமாரி என்று காட்ட எதுவும் மிஞ்சவில்லை. ஐரோப்பாவிலோ கனமான, கருநிறப் பழைய தளபாடங்களை இளையவர்கள் விரும்பாததால் கடந்த இருபது ஆண்டுகளில் அவற்றின் விலை பெரிதும் இறங்கிவிட்டது. அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எதையும் கொள்கலனில் ஏற்றிவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். கப்பல் கூலியும் சுங்கவரியும் சேரும்போது பொருளின் விலையை அவை தாண்டிவிடுவதுண்டு.

தெரிவு செய்யும்போது முதலில் நினைக்கவேண்டியது வன்னியின் காலநிலை. வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் மரம் ஈரத்தை இழுத்து உப்புகிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அதே மரம் காய்ந்து சுருங்குகிறது. மரம் நாரின் குறுக்கே விரிந்து சுருங்கும் அளவுக்கு நெடுக்கே அசைவதில்லை. ஆகவே ஒரு பலகையின் மேல் வேறொரு மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டிச் செய்த சாமானில், அடிப்பலகை ஒரு விதமாகவும் மேல்தகடு வேறு விதமாகவும் இழுபடுகின்றன. பழைய காலத்தில் ஒட்டுவதற்குப் பயன்பட்ட பசையோ விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம். அது ஈரத்திலும் சூட்டிலும் இளகும் தன்மையுடையது. லண்டனில் நூறு ஆண்டுகள் அசையாமல் இருந்த தகடு, இங்கே இரண்டு மாரி கண்டதும் ஓரங்களில் எழும்புவதற்கு இதுவே காரணம்.

இங்கிலாந்தில் இன்று நாம் அறிந்த வடிவிலான சைட்போட் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருப்பெற்றது. கட்டடக் கலைஞர் ராபர்ட் அடம் சுவரோர மேசையையும் அதன் இருபுறமும் நிற்கும் பெட்டகங்களையும் தனித்தனியாக வைத்தார். பின்னர் இவை ஒரே தளபாடமாக இணைந்தன. தளபாட வடிவமைப்பாளர்களான ஹெப்பிள்வைட், ஷெரட்டன் ஆகியோரின் வரைபடங்கள் 1780களின் இறுதியிலும் 1790களிலும் வெளிவந்தபின், மெல்லிய கால்களும் வளைந்த முகப்பும் கொண்ட மகோகனி சைட்போட் நாடெங்கும் பரவியது. அக்காலத்து அசலைப் பெரும்பாலானோரால் வாங்க முடியாது. சந்தையில் கிடைப்பவற்றில் அநேகம், அதே பாணியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மீண்டும் செய்தவை. இப்பிற்காலச் சாமான்களில் பொன்மஞ்சளாக மின்னும் தகடு பல வேளைகளில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போன முதிரை. எங்கள் காட்டு மரம் மெல்லிய தகடாகித் திரும்பி வருவதை, முதிரையில் நிலையும் கதவும் செய்து பழகிய நாங்கள் வேடிக்கையோடுதான் பார்க்கிறோம். அழகில் குறையில்லை, ஆனால் மேலே சொன்ன காரணத்தால் வன்னிக்கு அதனை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

விக்டோரியா மகாராணி காலத்துச் சைட்போட்கள் வேறு வகையானவை. பின்புறத்தில் ஆளுயரக் கண்ணாடி, பழங்களும் வேட்டைப் பறவைகளும் செதுக்கிய சட்டம், நிலத்தோடு ஒட்டிய அடிப்பீடம் என்று பெருமிதமாக நிற்கும். எம்மவர் பெரிதும் மயங்குவது இதில்தான். இதன் செதுக்கல்களுக்குள் எங்கள் கிரவல் வீதிப் புழுதி புகுந்தால் தூரிகையாலும் எடுக்க இயலாது. நிலத்தோடு ஒட்டிய பீடத்தினுள் கறையான் ஏறுவதும் வெளியே தெரியாது. என்னைக் கேட்டால், பிரான்சின் நாட்டுப்புறங்களில் ஓக் அல்லது வால்நட் மரத்தில் செய்த, உயரம் குறைந்த, மூன்று நான்கு கதவுகள் கொண்ட பூஃபே வகையையே எடுக்கச் சொல்வேன். இவற்றின் கதவுகளிலும் பக்கங்களிலும் சட்டத்துக்குள் பள்ளம் வெட்டி, பலகையை ஒட்டாமல் செருகியிருப்பார்கள். மழைக்கு உப்பவும் வெயிலுக்குச் சுருங்கவும் பலகைக்கு இடம் இருப்பதால் அது வெடிப்பதில்லை. பாரிஸில் உறவினர் உள்ள குடும்பங்கள் இங்கே பல என்பதால் தேடுவதும் கடினமன்று.

கொழும்புக் கடைகளில் "ஒல்லாந்தர் காலத்துச் சைட்போட்" என்று சொல்லி விற்பவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆங்கிலேயரிடம் இழந்தது 1796இல். இங்கிலாந்திலேயே சைட்போட்டின் வடிவம் நிலைபெற்றது அதற்குச் சற்று முன்னர்தான் என்னும்போது, கண்ணாடிப் பின்புறமும் வரிசையான லாச்சிகளும் உள்ள சாமான் ஒல்லாந்தருடையதாக இருப்பது அரிது. பெரும்பாலும் அவை பிரித்தானியர் காலத்தில் இங்குள்ள தச்சர்கள் பலாவிலும் தேக்கிலும் நெதுன் மரத்திலும் செய்தவை. வயதைக் கூட்டிச் சொல்வதை மன்னித்துவிட்டால், ஈரத்தையும் வெயிலையும் இந்நாட்டிலேயே அனுபவித்த மரம் என்பதால் அவை நல்ல தெரிவே. உண்மையான ஒல்லாந்தர் காலத் தளபாடம் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர் கொழும்பு புறக்கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் கால நூதனசாலையைப் பார்க்கலாம்.

வயதை முகப்பில் தேடக் கூடாது. லாச்சியை முழுதாக வெளியே இழுத்து, முன்பலகையும் பக்கப்பலகையும் கோக்கும் மூலையைப் பார்க்கவேண்டும். அங்கே புறாவின் வால்போல் விரிந்த பற்களாகக் கோக்கும் பொருத்துகளுக்குப் புறாவால் பொருத்து என்று பெயர். கையால் வெட்டியவை எண்ணிக்கையில் குறைவாகவும், அகலத்தில் ஒன்றுக்கொன்று சற்று வேறுபட்டும் இருக்கும். எல்லாம் ஒரே அளவாக நெருங்கி நின்றால் அது இயந்திர வேலை, அநேகமாக 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கோ அதற்குப் பிந்திய காலத்துக்கோ உரியது. லாச்சி ஓடும் அடிச்சட்டத்தில் தேய்மானம் இருக்கவேண்டும். முன்பலகையின் உட்புறத்தில் பழைய கைபிடிகளின் துளைகள் அடைபட்டுக் கிடந்தால் கைபிடி மாறியிருக்கிறது என்று பொருள், அது பெருங்குற்றமன்று. பின்பலகை பிளைவூட் என்றால், ஒன்றில் சாமான் 20ஆம் நூற்றாண்டினது, அல்லது பின்பலகை பிற்காலத்தில் மாற்றப்பட்டது. மேற்பகுதியின் பின்பலகை ஒரு நிறமும் கீழ்ப்பகுதியினது இன்னொரு நிறமுமாக இருந்தால், இரண்டு வேறு சாமான்களை ஒன்றாக்கி விற்கிறார்கள் என்று ஐயுறலாம். லங்காஸ்டர் நகரத்துக் கில்லோஸ் பட்டறைபோலச் சில பட்டறைகள் லாச்சியின் மேல்விளிம்பில் தம் பெயரை அடித்திருக்கும். அந்த முத்திரை விலையைப் பல மடங்கு உயர்த்தும் என்பதால் அதையும் ஐயத்தோடுதான் பார்க்கவேண்டும்.

பூச்சி விடயத்தில் இரக்கம் காட்டவேண்டாம். ஐரோப்பிய மரவண்டு வெளியேறிய துளை ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் அகலத்தில் வட்டமாக இருக்கும். பழைய துளை மட்டும் இருந்தால் பயமில்லை. துளைக்குக் கீழே புதிய மரத்தூள் உதிர்ந்தால் வாங்கக் கூடாது. பல ஆங்கிலச் சைட்போட்களின் முகப்பு மகோகனியாக இருந்தாலும் உட்புறமும் பின்புறமும் மலிவான பைன் மரம். எங்கள் கறையானுக்கு அதைவிட இலகுவான உணவு கிடையாது. ஆகவே கால்கள் உள்ள சாமானையே எடுத்து, சுவரிலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளி வைத்து, மாரிக்கு முன்னும் பின்னும் அடிப்புறத்தைப் பார்க்கவேண்டும்.

மேற்பூச்சு பெரும்பாலும் அரக்கை மதுசாரத்தில் (ஸ்பிரிட்) கரைத்துத் தேய்த்த பொலிஷ். சூடான கறிச்சட்டியை நேரே வைத்தால் வெள்ளை வளையம் விழும். அதைப் போக்குவதற்காக மின்சாரத் தேய்ப்பு இயந்திரத்தைக் கொண்டுவரும் தச்சரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். மேலே தகடு ஒட்டிய சாமானாயின் சில நிமிடங்களில் அது தகட்டைத் தின்று அடிப்பலகையைக் காட்டிவிடும். ஓக் மரத்தில் இரும்பு ஆணி அடிக்கவிடவும் கூடாது; ஈரம் பட்டால் ஆணியைச் சுற்றி மரம் கறுத்துப்போகும். பித்தளைத் திருகாணியே பொருந்தும்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்புவோர் வழக்கமாக முகப்பின் புகைப்படத்தை மட்டும் வீட்டாருக்குக் காட்டுகிறார்கள். பணம் கொடுக்கும் முன், வெளியே இழுத்த லாச்சியின் பக்கம், சாமானின் பின்புறம், கவிழ்த்த நிலையில் கால்களின் அடி ஆகியவற்றின் படங்களையும், அகல உயர அளவுகளையும் கேட்டு வாங்கி, ஊரிலுள்ள அனுபவமுள்ள தச்சர் ஒருவரிடம் காட்டுங்கள். வீட்டு வாசலின் அகலத்தையும் அன்றே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தச்சுப் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
மாங்குளம்.