வந்த மருமகள் மேல் விழும் பழி

ஆசிரியருக்கு,

குடும்ப ஆலோசனை என்ற சொல் நம் ஊரில் விவாகரத்து மனுவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆவது பிரிவு சமரசத்துக்கு முயலச் சொல்கிறது. அதன்படி ஆலோசகர் முன் உட்காரும்போதுதான் பலர் அந்தச் சொல்லையே முதன்முதலாகக் கேட்கிறார்கள். அதற்குள் இரு தரப்பும் வக்கீல் வைத்தாயிற்று, நகைப் பட்டியலும் எழுதியாயிற்று. இந்தச் சண்டை குடும்பத்தின் எந்தப் பருவத்தில் முளைத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

புதுமணத்திலிருந்து முதுமை வரை குடும்ப வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தவர் அமெரிக்க அறிஞர் ஈவ்லின் டுவால். மூத்த பிள்ளையின் வயதை வைத்துப் போகும் கணக்கு அது. கல்யாணமானதும் தனிக்குடித்தனம் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு என்பதால் நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தாது. மகனுக்குக் கல்யாணமாகும் வருடத்தில்தான் மாமனார் 60 வயதில் பணி ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்குகிறார். மாமியாருக்கு மாதவிலக்கு நின்று தூக்கம் கெடும் காலம். பாட்டி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். மூன்று பருவங்கள் ஒரே வீட்டில் முட்டிக்கொள்ள, ‘இவள் வந்த வேளை’ என்று பழி ஒருத்தி மேல் விழுகிறது.

ஆகவே யார் மேல் தப்பு என்ற விசாரணைக்கு முன் ஒரு பெரிய தாள் வேண்டும். மூன்று தலைமுறையை அதில் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே பெருக்கல் குறி. தம்பதியை ஒரு கிடைக்கோடு இணைக்கும். பிள்ளைகள் அதன் கீழே. நெருக்கம் என்றால் இரட்டைக் கோடு, பகை என்றால் நெளிகோடு. பக்கத்திலேயே கடந்த மூன்று வருடங்களை மாதவாரியாக எழுத வேண்டும்: பிரசவம், சாவு, வேலை மாற்றம், வீட்டுக் கடன், நகை அடகு, வீடு மாறியது. முக்கால் மணி நேர வேலை. சண்டை தொடங்கிய மாதத்தைச் சுற்றி என்னென்ன குவிந்திருக்கிறது என்பது தாளிலேயே தெரிந்துவிடும். வழக்கமாக இது கெடுவது, மாமனார் சொல்லச் சொல்ல ஆலோசகர் எழுதுவதால்தான். வீட்டில் குறைவாகப் பேசுகிறவர் கையில் பேனாவைக் கொடுங்கள்.

இதற்கு முன்பே செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொருவரையும் தனியாகக் கால் மணி நேரமாவது சந்தித்து, அடி உதை இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். இருந்தால் சேர்ந்து உட்காரவைப்பது ஆபத்து. இங்கே மருமகள் சொன்னதற்கு வீட்டில் அடி விழும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவும் ஆலோசனையைத் தனித்தனியாக நடத்த இடம் தருகிறது. ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா’ என்பது சிகிச்சை அல்ல.

எந்தப் பாடப்புத்தகக் கட்டத்திலும் அடங்காதது தலைப்பிரசவம். பெண் தாய்வீடு போகிறாள். கணவன் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாகிறான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புகுந்த வீடு திரும்பும்போது, குழந்தையைத் தூக்கவே தெரியாத அப்பா, தூக்கம் கெட்ட அம்மா, தன் முறைப்படிதான் குளிப்பாட்ட வேண்டும் என்கிற பாட்டி என்று மூவரும் மோதுகிறார்கள். எளிய வழி ஒன்று உண்டு. 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையை அப்பாவே தூக்கிப்போகட்டும். அன்றிரவு மனைவியின் தாய்வீட்டிலேயே தங்கி ஒரு முறையாவது எழுந்து துணி மாற்றட்டும். திரும்புவதற்கு முன்பே இரவு யார் எழுவது, மாமியார் எதைப் பார்த்துக்கொள்வது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

பிரசவமான முதல் இரண்டு வாரத்து அழுகை பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். அதைக் கண்டறிய 1987இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவான 10 கேள்விகள் தமிழிலும் இருக்கின்றன. கடந்த ஏழு நாள் மனநிலையைப் பற்றியவை. பத்தாவது கேள்வி தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘ஒருபோதும் இல்லை’ தவிர வேறு பதில் வந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம். ஆறாம் வாரத் தடுப்பூசி நாளிலேயே கிராம சுகாதாரச் செவிலியர் இந்தப் பத்தையும் கேட்கும்படி சுகாதாரத் துறை செய்யலாம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பதின்ம வயதுப் பிள்ளையை மட்டும் அழைத்துவந்து ‘இவனைத் திருத்துங்கள்’ என்று விட்டுப்போவதில் பயனில்லை. பெரும்பாலும் அவன் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கட்சிக்காரனாகியிருப்பான். போன் எத்தனை மணி நேரம் என்பதைப் பெற்றோர் இருவரும் முதலில் தங்களுக்குள் பேசி ஒரே பதிலாகச் சொல்லப் பழகட்டும்.

முதுமைக்கு வருவோம். பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி (2007) மனு கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகிறது. தீர்ப்பாயம் அதைச் சமரச அலுவலரிடம் அனுப்பலாம். அவர் ஒரு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும். அந்த மாதம் முழுக்க யார் எவ்வளவு பணம் தருவது என்ற பேச்சிலேயே கழிகிறது. பிள்ளைகள் தாமாகக் காணும் தீர்வோ, மாதம் ஒரு வீடு என்று முறை வைத்துப் பார்ப்பது. நினைவு மங்கிய தாய்க்கு இது பெருங்கேடு. கழிவறை எந்தப் பக்கம் என்று பழகுவதற்குள் அடுத்த வீடு. இரவில் தடுமாறி விழுகிறார், வாசலைத் திறந்துகொண்டு ‘என் வீட்டுக்குப் போகணும்’ என்கிறார். அவரைப் பழகிய வீட்டிலேயே இருக்கவிட்டு, பிள்ளைகள் முறைபோட்டு அங்கே வந்து தங்க வேண்டும். வர முடியாத பிள்ளை ஆள் வைப்பதற்கான சம்பளத்தைத் தரட்டும். சமரச ஒப்பந்தத்தில் தொகையோடு இதையும், யார் எந்த வாரம் என்பது வரை எழுதிவைக்கும்படி கோட்டாட்சியர்கள் கேட்க வேண்டும்.

குடும்பநல ஆலோசகர்கள் சிலர்,
திருச்சி