கிவியைக் கனியவைத்துக் கொடுங்கள்: மருத்துவமனைச் சமையற்கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனைச் சமையற்கூடப் பொறுப்பாளர்களுக்கும் உணவியல் நிபுணர்களுக்கும் வணக்கம்.

படுக்கையிலேயே இருக்கும் நோயாளிகளை மலச்சிக்கல் எவ்வளவு பாடுபடுத்தும் என்று உங்களுக்குத் தெரியும். நடமாட்டம் இல்லை, தண்ணீரும் சரியாக இறங்குவதில்லை, போதாக்குறைக்குச் சில வலிமருந்துகள் குடலை மந்தமாக்கிவிடும். இவர்களுடைய தட்டில் கிவிப் பழம் தினமும் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சதை பச்சை நிறமாக இருக்கும் பச்சைக் கிவியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. அந்த நார் தண்ணீரை நன்றாகப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும். தினமும் 200 கிராம் சதை, அதாவது இரண்டு மூன்று பழம் சாப்பிட்டால் மலம் கழிவது சீராகும் என்று பச்சைக் கிவியைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஐரோப்பிய ஆணையம் 2025-ல் அனுமதியே கொடுத்துவிட்டது. வைட்டமின் சி-யும் தாராளமாக உண்டு. ஒரு பழத்திலேயே ஒரு நாள் தேவையில் பெரும்பகுதி கிடைத்துவிடும். காயம் ஆறவேண்டியவருக்கு இது சின்ன விஷயமா?

ஆனால் பல இடங்களில் கல் மாதிரி இருப்பதை அப்படியே நறுக்கி வைத்துவிடுகிறார்கள். முதல் துண்டிலேயே பல் கூசும். மிச்சம் குப்பைக்குப் போகும். ஆப்பிளோடோ வாழைப்பழத்தோடோ ஒரு காகிதப் பையில் போட்டு வெளியில் வையுங்கள். அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயு சில நாளில் கிவியைக் கனியவைத்துவிடும். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் அமுங்க வேண்டும், அதுதான் பதம். அப்புறம் குளிர்பெட்டிக்கு மாற்றலாம். பரிமாறும் நேரத்தில் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒரு கரண்டியோடு கொடுத்தால் போதும். கை நடுங்கும் முதியவரும் தானே தோண்டிச் சாப்பிடுவார். பாலிலோ தயிரிலோ முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள். இதிலுள்ள ஆக்டினிடின் என்ற நொதி புரதத்தைச் சிதைப்பதால் கசந்துவிடும். ஜெலட்டின் ஜெல்லியும் இதனாலேயே உறையாது.

எல்லோருக்கும் கொடுத்துவிடவும் கூடாது. கிவியோ, கையுறை போன்றவற்றில் இருக்கும் லேட்டக்ஸ் ரப்பரோ ஒவ்வாதவர்களுக்கு வேண்டாம். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்களுக்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு எந்தப் பதத்தில் தரலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரப் பட்டியலில் காலை உணவோடு இரண்டு கனிந்த கிவி என்று எழுதுங்கள். தட்டுகள் திரும்பி வரும்போது எத்தனை பேர் முழுதாகச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதை மருத்துவக் குழுவுக்கும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நோயாளிகளின் நலம் விரும்பும் ஒருவர்