ஷூ கம்பெனி காசு இல்லாம காலேஜ் பாஸ்கெட்பாலா?

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் பத்தின உங்க கட்டுரைல ஷூ கம்பெனிங்க பேரே வரலையே, அது இல்லாம அந்தக் கதைய எப்படி சார் சொல்றது? காலேஜ்ல ஆடுற பசங்க காசு வாங்கக் கூடாதுன்னு அப்போ விதி, ஆனா பின்வாசல் வழியா காசு கைமாறுதுன்னு 2017 செப்டம்பர்ல அமெரிக்க அரசு 10 பேர் மேல கேஸ் போட்டுச்சு, அதுல நாலு பேர் காலேஜ் அசிஸ்டன்ட் கோச், ஒருத்தர் ஷூ கம்பெனி அடிடாஸோட அதிகாரி. ஒரு பையன லூயிவில் யுனிவர்சிட்டில சேர வைக்க அவன் குடும்பத்துக்கு 1 லட்சம் டாலர்னு பேரம், அதே யுனிவர்சிட்டி கேஸுக்கு முந்தின மாசம்தான் அடிடாஸோட 16 கோடி டாலருக்கு (பத்து வருஷத்துக்குத்தான்) டீல் போட்டுச்சு. கம்பெனி கணக்கு சிம்பிள், இன்னிக்கு நம்ம ஷூ போட்டு ஆடுறவன் நாளைக்கு என்பிஏ (அமெரிக்க தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்) போனா நம்மகிட்டயே சைன் பண்ணுவான். கொடுமை என்னன்னா 2018ல அந்த அடிடாஸ் அதிகாரி உட்பட மூணு பேர ஜூரி குற்றவாளின்னு சொன்னப்போ, ஏமாத்தப்பட்டது யுனிவர்சிட்டிங்கதான்னு முடிவாச்சு, கோடில வாங்குனவங்க பாதிக்கப்பட்டவங்களாம்! அந்தப் பையனோ காலேஜ்ல ஒரு மேட்ச் கூட ஆடல. 2021 ஜூலைல இருந்து பசங்க தங்க பேர வச்சு விளம்பரக் காசு வாங்கலாம்னு காலேஜ் விளையாட்ட நடத்துற அமைப்பான என்சிஏஏ விட்டுருச்சு, அத நாலு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை